பத்து மைல் பொம்மை ரயிலும் ஆரணிக் காயில் கடையும்

ஆரணிக்காரர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் களம்பூருக்குப் போக வேண்டும். காட்பாடி – விழுப்புரம் பாதையில் அங்கே இருக்கிற நிலையத்துக்குத்தான் ‘ஆரணி ரோடு’ என்று பெயர். திண்டிவனம் – நகரி புதிய பாதை ஆரணி வழியாக வரும் என்று அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பாதை மேடையில் மட்டும் ஓடுகிறது. ரயில் வராத இந்தப் பட்டு ஊரில், மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கும் ஒருவர் இங்கிலாந்தில் ஓடிய ஒரு பொம்மை ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடை அடைக்கிற நேரம் தாண்டிவிடும்.

அவர் பேசுவது 2009 ஆகஸ்டில் நடந்ததைப் பற்றி. பிபிசியில் ஜேம்ஸ் மே என்றொரு தொகுப்பாளர். கார் நிகழ்ச்சியால் பெயர் வாங்கியவர். பழைய பொம்மைகளை எடுத்துப் பெரியவர்கள் அளவுக்குச் செய்து காட்டுவது என்று ஒரு தொடர் தொடங்கினார். லெகோ கட்டைகளால் ஆள் குடியிருக்கும் அளவுக்கு ஒரு வீடு, மெக்கானோ பட்டைகளால் மனிதர்கள் நடந்து போகிற பாலம், விளையாட்டுக் களிமண்ணால் ஒரு தோட்டம். அந்த வரிசையில் ஒன்றுதான் ரயில். வட டெவன் பகுதியில் பார்ன்ஸ்டபிளிலிருந்து பிடிஃபர்டு வரை பத்து மைலுக்கு, ஹார்ன்பி கம்பெனியின் பொம்மைத் தண்டவாளத்தைத் தரையில் பதித்து ரயில் ஓட்ட வேண்டும். இடமும் பொருத்தமான இடம்தான். அது ஒரு காலத்தில் நிஜ ரயில் ஓடிய பாதை. 1965-ல் பயணிகள் ரயில் நின்றது, 1982-ல் சரக்கு ரயிலும் நின்றது. இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். செத்துப்போன பாதையில் பொம்மை ரயிலுக்கு உயிர் கொடுக்கிற யோசனை தொலைக்காட்சிக்கு நன்றாகவே வாய்த்தது.

ரயில் போய்ச் சேரவில்லை. யாரோ தண்டவாளத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரோ தண்டவாளத்தின் மேல் செப்புக் காசுகளை வைத்து ஷார்ட் சர்க்யூட் செய்தார்கள். மின்சாரத்துக்காக வழி நெடுக வைத்திருந்த பேட்டரிகளில் சில காணாமல் போயின. நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது திருட்டும் விஷமமும்தான். காயில் கடைக்காரருக்கு அது இரண்டாம்பட்சம்.

“காசு வைக்காமலே இருந்திருந்தாலும் வழியில நின்னிருக்கும்ங்க,” என்பார். “அவங்க ரயிலைப் பார்த்தாங்க. பார்க்க வேண்டியது பாதையை.”

அவர் கடை அரிசி ஆலைகளுக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஆரணிக்கு வெளியே பேர் பட்டால், ஊருக்குள் காசு அரிசியால் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் கடைக்கு இரண்டு பக்கமிருந்தும் வேலை வரும். ஆலை மோட்டார்கள், சுற்று வட்டாரக் கிணற்று மோட்டார்கள் ஒருபுறம். பட்டு நூலுக்கு முறுக்கு ஏற்றும் மெஷின், தார் சுற்றும் மெஷின், ஜக்கார்டு பெட்டியைத் தூக்குவதற்குத் தறியின் மேல் பொருத்துகிற சின்ன மோட்டார் மறுபுறம். எரிந்து கறுத்த காயிலை உளியால் வெட்டி எடுப்பது, ஸ்லாட்டைச் சுத்தம் செய்து காகிதம் வைப்பது, பழைய காயிலில் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணி எழுதி வைப்பது, புதிதாகச் சுற்றி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது. வேலூரில் ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொண்ட தொழில். அந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை இன்றும் கடைப்பையன்களிடம் சொல்வார்: எரிந்த மோட்டாரைக் கையில் எடுத்ததும் காயிலைப் பார்க்காதே, அது எந்த லைனிலிருந்து வந்தது என்று கேள். கம்பம் எவ்வளவு தூரம், வயர் என்ன தடிமன், பேஸ் ஒன்று போயிருந்ததா, ஸ்டார்ட்டரில் முனை கருகியிருந்ததா. மோட்டார் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது செத்துக் காட்டும் சாட்சி.

பொம்மை ரயில் அவர் கைக்கு வந்தது சென்னையில். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபின் அங்கிருந்த பழைய சாமான் கடைகள் அல்லிக்குளம் பக்கம் போயின. எனாமல் கம்பி வாங்கப் பட்டணம் போகும்போதெல்லாம் அங்கே ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒரு முறை புத்தகக் குவியலுக்குப் பக்கத்தில் எஞ்சின் ஒன்று, கொஞ்சம் தண்டவாளம், இரண்டு பெட்டி. மோட்டார் புகைந்து போயிருந்ததால் விலை மலிவு. கடைக்காரர் அதை ஓடாத சாமான் என்று விற்றார். இவர் அதை ஒரு காயில் வேலையாக வாங்கினார். மூன்று பல் ஆர்மேச்சர், தலைமுடி மாதிரி கம்பி. ஆலை மோட்டாருக்குச் சுற்றுகிற கைக்கு அந்தக் கம்பி பிடிபடவில்லை. இழுத்தால் அறுந்தது, தளர்த்தினால் பல் மேல் குமிழ்ந்தது. கடைசியில் கைகொடுத்தது தெருவில் குடியிருந்த ஒரு தறிக்காரர் வீட்டு அம்மா. பட்டு இழை அறுந்தால் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே முடிச்சுப் போடுகிறவர். “இது பட்டை விட முரடு தம்பி” என்று சொல்லிவிட்டு ஒரே இழுவிசையில் சுற்றிக் கொடுத்தார். அந்த ஆர்மேச்சர் இன்னும் ஓடுகிறது. ஆயுத பூசையன்று கடையைக் கழுவி, மோட்டார்களுக்குச் சந்தனம் வைத்தபின், மேசைமேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டு அதை ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது.

பட்டு வியாபாரி ஒருவரின் மகன் லண்டனிலிருந்து வந்தபோது அந்த பிபிசி நிகழ்ச்சியைக் காட்டினார். பார்த்து முடித்ததும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார் காயில் கடைக்காரர்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஹார்ன்பியின் ஓஓ அளவில் எல்லாம் நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். அப்படியானால் பத்து மைல் என்பது அந்தக் குட்டி எஞ்சினுக்கு 760 மைலுக்குச் சமம், அதாவது 1,200 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நிஜ ரயில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போவதாக வைத்தால், அதே விகிதத்தில் பொம்மை ரயில் மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர்தான் போக வேண்டும். பத்து மைல் கடக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். சக்கரத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர் என்றால் அது இரண்டு லட்சம் தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். பல்சக்கர விகிதம் முப்பதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மோட்டார் அறுபது லட்சம் சுற்றுச் சுற்றும். படுக்கையறையில் அரைமணி நேரம் விளையாடி அலமாரியில் வைப்பதற்குச் செய்த மோட்டார் அது. அதன் கார்பன் பிரஷ் ஒரு அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

இங்கே காயில் கடைக்காரர் ஒரு நுணுக்கம் சொல்வார். கிணற்று மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் அது அதிக ஆம்பியர் இழுத்து, சூடேறி எரியும். ஆரணிப் பக்கம் நாற்று நடுகிற மாதங்களில் அவருக்கு நல்ல வியாபாரம் நடப்பது அதனால்தான். பொம்மை ரயிலின் 12 வோல்ட் டிசி மோட்டார் அப்படியல்ல. வோல்டேஜ் குறைந்தால் பேசாமல் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அது எரிவது வேறு சமயத்தில். சக்கரம் எங்காவது சிக்கிக்கொண்டு, மின்சாரம் மட்டும் முழுசாக வந்துகொண்டிருந்தால் எரியும். அல்லது ஓய்வே இல்லாமல் ஓடிப் பிரஷ் தேய்ந்து, கமுட்டேட்டரில் பொறி பறந்து, உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் எரியும். ஆகவே குறைந்த வோல்டேஜில் ரயில் நின்றுபோவதும் மோட்டார் எரிவதும் இரண்டு வேறு வியாதிகள். பத்து மைல் பாதையில் இரண்டும் வரும்.

முதல் வியாதிக்குக் காரணம் தண்டவாளம். இப்போதைய தண்டவாளம் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். துரு ஏறாது, பளபளப்பாக இருக்கும். ஆனால் மின்சாரத்தைத் தடுப்பதில் சுத்தச் செம்பைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல். மீட்டருக்கு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய் இன்னொன்றில் திரும்ப வேண்டும். நூறு மீட்டர் தூரத்தில் இருக்கிற எஞ்சின் அரை ஆம்பியர் இழுத்தால், 12 வோல்ட்டில் 10 வோல்ட்டைப் பாதையே தின்றுவிடும். நூறு மீட்டரிலேயே இப்படி. பத்து மைல் என்பது பதினாறு கிலோமீட்டர். அதனால்தான் டெவனில் வழி நெடுக பேட்டரிகள் வைத்தார்கள். பேட்டரி திருடியவன் வெறும் பேட்டரியை எடுக்கவில்லை, ஒரு துண்டு ரயில் பாதையையே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்னும் பெரிய விஷயம் இணைப்பு. தண்டவாளத் துண்டு ஒரு கஜ நீளம் என்று கொண்டால் பத்து மைலுக்குச் சரியாக 17,600 துண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து முப்பத்தைந்தாயிரம் இணைப்புத் தகடுகள். ஒவ்வொன்றும் நகத்தளவு தகடு. அதில் மணல் புகலாம், பனி இறங்கலாம், யாராவது மிதித்தால் வாய் அகலலாம். ஒன்று தளர்ந்தாலும் ரயில் அங்கே நின்றுவிடும், அல்லது சக்கரம் இறங்கிவிடும்.

இந்த இடத்தில் ஆரணிக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. பழைய பாவு, அதாவது நீளவாக்கு நூல், தறியில் தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒரு பட்டுப் புடவைப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுவார்கள். ஒரு இழை விட்டுப்போனால் புடவை முழுக்க ஒரு கோடு விழும். நெய்கிறவரின் பெயர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் ஏறும். பிணைத்தவர் பெயர் எங்கும் ஏறாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது, பிணைக்கிறவர்களுக்குக் கூலி உயர்ந்ததா என்பது வேறு கதை. டெவனில் அன்று முழங்காலிட்டுத் தகடு மாட்டிய உள்ளூர்த் தொண்டர்கள்தான் காயில் கடைக்காரர் கண்ணில் அந்த நிகழ்ச்சியின் நாயகர்கள். தொலைக்காட்சியோ கேமராவை எஞ்சின் மேலேயே வைத்திருந்தது.

கணக்கு பில் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. அவர் குடியிருக்கிற தெருவில் விடியற்காலையில் பாவு விரிப்பார்கள். இரண்டு முனையிலும் கழி நட்டு, நூலை நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அந்த நேரத்துக்குத் தெரு அவர்களுடையது. மோட்டார் சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அவர்கள் சுருட்டி முடித்த ஒரு காலையில், மூன்று புடவைப் பாவு விரிக்கிற நீளத்துக்குத் தண்டவாளம் போட்டுப் பார்த்தார். பலரிடம் கேட்டு வாங்கிய பழைய துண்டுகள், பாதி இரும்பு, பாதி கலவை உலோகம். ஒரே முனையில் மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கடைப்பையன்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம்.

எஞ்சின் கம்பீரமாகக் கிளம்பியது. நடுவழியில் நடை தளர்ந்தது. முக்கால் தூரத்தில் முனகிக்கொண்டு நின்றது. மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்தால் இவ்வளவு சின்னத் தடை சரியாகத் தெரியாது. ஓடவிட்டு, ஓடுகிறபோதே இணைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வோல்டேஜ் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் பாதி நஷ்டம் தண்டவாளத்தில் இல்லை, துருப்பிடித்த சில தகடுகளில்தான் என்று தெரிந்தது. பையன்கள் அதை அன்றைக்குத்தான் நம்பினார்கள். பிறகு கடையிலிருந்து தடித்த செம்பு வயரை எடுத்துவந்து பாதையை ஒட்டிப் போட்டு, சில மீட்டருக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்தோடு பற்றவைத்தார். ரயில் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரே வேகத்தில் போனது. வேடிக்கை பார்த்த ஒரு தறிக்காரர், “மாமா, இதே வயரைக் களம்பூர் வரைக்கும் போட்டா நம்ம ஊருக்கும் ரயில் வந்துடும் போல” என்றாராம்.

வெயில் ஏறியதும் இன்னொரு பாடம். உலோகம் சூட்டில் நீளும். முப்பது டிகிரி ஏறினால் ஒரு கஜத் துண்டு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். தெருவில் அது கண்ணுக்குத் தெரியாது. பத்து மைலுக்குக் கூட்டினால் எட்டு மீட்டர் வரும். எட்டு மீட்டர் தண்டவாளம் எங்கே போகும்? இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் பாம்பாக நெளியும். டெவனின் வெயில் பரவாயில்லை. சித்திரை மாதத்து ஆரணித் தார்ச்சாலையில் பிளாஸ்டிக் கட்டைகளே இளகிவிடும்.

ஜேம்ஸ் மே விட்டுவிடவில்லை. 2011-ல் அதே பாதைக்குத் திரும்பி வந்தார். இந்த முறை ஹாம்பர்க் நகரின் மினியேச்சர் வுண்டர்லாண்ட் ஆட்களையும் கூப்பிட்டார். 2001-ல் தொடங்கிய அந்தக் காட்சியகம் உலகத்திலேயே பெரிய மாதிரி ரயில் அமைப்பு. கட்டடத்துக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் தண்டவாளம் போட்டு, தினமும் நாள் முழுக்க ரயில்களை ஓட்டுகிறவர்கள். ஜெர்மானியர் ஒரு முனையிலிருந்து, பிரிட்டன்காரர் மறுமுனையிலிருந்து என்று போட்டியாக வைத்தார்கள். பத்து மைலையும் பொம்மை ரயில் இந்த முறை கடந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதில் காயில் கடைக்காரருக்கு அக்கறை இல்லை. அன்றாடம் ரயில் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர்களைக் கூப்பிட்டதுதான் அவருக்குப் பிடித்தது.

ஆனால் அவர் உண்மையில் தலைவணங்குவது மூன்றாவது முயற்சிக்கு. 2017 கோடையில் ஸ்காட்லாந்தில் நடந்து, 2018 ஜனவரியில் சேனல் 4 ஒளிபரப்பியது. முன்னாள் ராணுவப் பொறியாளர் டிக் ஸ்ட்ராபிரிட்ஜ் தலைமையில் ஐம்பதுக்கு மேற்பட்ட தொண்டர்கள், ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னஸ் வரை 71 மைலுக்குப் பாதை போட்டார்கள். கால்வாய்க் கரை, காட்டுப் பாதை, நெஸ் ஏரியை ஒட்டிய மலைச்சரிவு என்று பல இடங்களில் சமதரை கிடையாது. ஓடையைத் தாண்டப் பாலம், பள்ளத்துக்கு முட்டு, மேட்டுக்குச் சுற்றுப்பாதை. ‘சில்வர் லேடி’ என்ற அந்த எஞ்சின் நிஜ நீராவியில் ஓடியது. உள்ளே சின்னக் கொதிகலன், எரிவாயு, தண்ணீர். தீர்ந்ததும் நிறுத்தி நிரப்ப வேண்டியதுதான். தண்டவாளம் பிளாஸ்டிக்.

“பிளாஸ்டிக்குங்க!” என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தொழில்காரனின் பொறாமை தெரியும். மின்சாரத்தைப் பாதையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வோல்டேஜ் இறக்கம் இல்லை, காசு வைத்துக் கெடுக்க முடியாது, திருடப் பேட்டரி இல்லை. இணைப்பு தளர்ந்தால் சக்கரம் இறங்கும், கையால் தூக்கி வைத்துவிடலாம். அவருடைய தொழிலுக்கே அங்கே வேலை இல்லை. பத்து மைலுக்குச் செய்த யோசனையை ஏழு மடங்கு தூரத்துக்கு இழுத்துப் பார்க்காமல், தூரத்துக்கு ஏற்ற யோசனையைத் தேடினார்கள் என்பது அவர் கணிப்பு. சரியான கணிப்பு என்றே படுகிறது.

சின்னதாக ஓட்டிக் காட்டிப் பெரிதாக நம்பவைப்பது நம் பக்கத்துக்கும் புதிதல்ல. 1836-லேயே சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு குட்டிப் பாதை போட்டு மக்களுக்குக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு செங்குன்றம் பகுதியிலிருந்து சாலைக்குக் கல் கொண்டுவர ஒரு ரயில் பாதை ஓடியது. இந்தியாவின் முதல் பாதை என்று அதைச் சொல்கிறார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. ஆரணிக்கு வடக்கே, பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் ஆரணியின் காத்திருப்பு நூற்றாண்டு கடந்தது.

மாதிரி ரயில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புனேயில் பாவ் ஜோஷி 1998-ல் திறந்த சிறு ரயில் காட்சியகம் இருக்கிறது. சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரிகள் உண்டு. ஆனால் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, மண்ணிலும் காற்றிலும் மைல் கணக்கில் ஓட்டிப் பார்க்கிற வேலை வேறு. பாட்டுப் போட்டிக்கும் சமையல் போட்டிக்கும் அரங்கம் கட்டுகிற நம் தொலைக்காட்சிகளுக்கு அதில் ஒரு கிலோமீட்டராவது முயன்று பார்க்கத் தோன்றவில்லை. பாலிடெக்னிக் மாணவர்கள் நூறு பேர் கிடைத்தால் போதும்.

யாராவது முயல்வதாக இருந்தால் காயில் கடைக்காரர் சொல்லியனுப்புவது இவ்வளவுதான்: தை மாதத்தில் வையுங்கள், சித்திரையில் வேண்டாம். எஞ்சினுக்குச் செலவழிப்பதைவிடக் கூடுதலாக வயருக்குச் செலவழியுங்கள். மாற்று எஞ்சின் இரண்டு கையில் இருக்கட்டும், ஒன்று ஓடும்போது மற்றது ஆறட்டும். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு ஆளை உட்காரவையுங்கள், அவருக்கு டீ கொடுங்கள். பாவு விரிக்கிற தெருவாக இருந்தால் முந்தின நாளே தறிக்காரர்களிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.